அரசனுக்கும் அடங்காத எண்

இருபது இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை இங்கே எழுதுகிறோம்: 1,84,46,74,40,73,70,95,51,615.

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஓர் இலட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு இலட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து இலட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து! படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.

பேரெண்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. எண்ணுப் பெயர்களுள் ஐ, அம், பல் என முடிவனவும் உண்டு என்று தொல்காப்பிய எழுத்ததிகாரம் பேசுகிறது. அவை தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பர் உரையாசிரியர். குளத்தில் பூக்கும் பூவின் பெயரையும், கரை புரளும் புனலின் பெயரையும் எண்ணுக்குச் சூட்டி மகிழ்ந்த இனம் இது. ஆனால் பேரெண்ணுக்குப் பெயர் சூட்டுவது ஒன்று. அதன் இயல்பை ஆராய்ந்து அறிவது மற்றொன்று. மேலே எழுதிய எண்ணின் இயல்பு என்ன? அது எங்கே பிறந்தது? அதன் உள்ளே என்ன இருக்கிறது? நெல் விளையும் திண்டுக்கல் சமவெளியில் வாழும் ஓர் உழவருக்கும், பூட்டு செய்யும் ஒரு தொழிலாளிக்கும் அந்த எண்ணால் ஆவதென்ன? இவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையும் கணக்கும்

ஓர் அரசன் இருந்தான். சதுரங்க ஆட்டத்தைப் படைத்துத் தந்த அறிஞனைப் பார்த்து, "வேண்டுவதைக் கேள்" என்றான். அறிஞனோ, "ஆட்டப் பலகையின் முதற் கட்டத்துக்கு ஒரு மணி, இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு, இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டித்து, அறுபத்து நான்கு கட்டத்துக்கும் தானியம் தருக" என்று கேட்டான். அற்பப் பரிசைக் கேட்கிறானே என்று அரசன் எண்ணினான். கணக்கரை அழைத்துக் கணக்கிட்டபோது, களஞ்சியம் முழுவதையும் கவிழ்த்தாலும் போதாது என்று தெரிந்தது.

இக்கதையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் என்னும் அரபு வரலாற்றாசிரியர் எழுதிவைத்தார். அவர் எழுத்தில் அறிஞன் பெயர் சிஸ்ஸா, நாடு இந்தியா, தானியம் கோதுமை. கேரளத்து அம்பலப்புழையில் வழங்கும் கதையிலோ கேட்டவன் கண்ணன், கேட்டது அரிசி, தீராத அந்தக் கடனுக்காகவே கோயிலில் பால் பாயசம் வழங்கப்படுகிறது என்பர். ஊருக்கு ஊர் ஆள் மாறுகிறான், அரசன் மாறுகிறான், தானியம் மாறுகிறது. மாறாதது ஒன்றே ஒன்று. அறுபத்து நான்கு கட்டத்தின் கூட்டுத்தொகை எந்த ஊரிலும், எந்த மொழியிலும், எந்தச் சமயத்தார் கணக்கிட்டாலும் நாம் தொடக்கத்தில் எழுதிய அதே எண்தான்!

கதையைக் கேட்டு வியந்தோர் பலர். கணக்கிட உட்கார்ந்தோர் சிலர். அந்தச் சிலருள் தலையாயவர் குவாரிசம் நாட்டு அறிஞர் அல்பிரூனி. கி.பி. 1000 ஆம் ஆண்டையொட்டி அவர் எழுதிய காலக்கணிப்பு நூலில் இந்த எண் இருபது இலக்கமும் பிசகாமல் காணப்படுகிறது. கட்டம் கட்டமாக அறுபத்து மூன்று முறை இரட்டித்து, எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு அவர் இருக்கவில்லை. ஒரு கட்டத்தின் எண்ணைத் தன்னோடு தானே பெருக்கினால், முதற் கட்டத்திலிருந்து அது எவ்வளவு தொலைவோ அவ்வளவு தொலைவு மேலும் தள்ளியுள்ள கட்டத்தின் எண் கிடைக்கும் என்ற விதியை அவர் கைக்கொண்டார். இரண்டைத் தன்னோடு பெருக்கினால் 4; அதைப் பெருக்கினால் 16; பின் 256; பின் 65,536; பின் 4,29,49,67,296; ஆறாம் பெருக்கலில் இல்லாத அறுபத்தைந்தாம் கட்டத்தின் எண் வந்து நிற்கும். அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் வேலை முடிந்தது.

ஏன் ஒன்றைக் கழிக்க வேண்டும்? இரட்டித்துச் செல்லும் வரிசையில் எந்தக் கட்டத்தை எடுத்தாலும், அதற்கு முன்னுள்ள எல்லாக் கட்டங்களின் கூட்டுத்தொகையைவிட அது சரியாக ஒன்று மிகுதி. 1, 2, 4 ஆகியவற்றின் கூட்டு 7; அடுத்த கட்டம் 8. இந்தச் சிறு உண்மையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது நமக்குப் பெரிதும் பயன்படும்.

திண்டுக்கல்லில் கொட்டிப் பார்ப்போம்

எண்ணாகச் சொன்னால் அளவு புலப்படாது; அரிசியாகக் கொட்டிப் பார்ப்போம். ஒரு கிராமுக்கு நாற்பது அரிசி என்று கொள்வோம். பலகையின் முதல் வரிசை எட்டுக் கட்டங்களுக்கு 255 அரிசி. ஒரு பிடிகூட ஆகாது. இரண்டாம் வரிசை முடியும்போது 65,535 அரிசி. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். மூன்றாம் வரிசை முடிவில் 1,67,77,215 அரிசி. நூறு கிலோ மூட்டையில் நான்கு மூட்டைக்குச் சற்று மேல். நான்காம் வரிசை முடிவில், பாதிப் பலகை நிறைந்தபோது, 107 டன். இதுவரை எந்தச் சிற்றரசனும் மனம் கலங்க வேண்டியதில்லை. சில லாரிச் சுமைதான்!

மீதிப் பாதியில்தான் மன்னன் மண்டியிடுகிறான். பலகை முழுதும் நிறைய வேண்டிய அரிசி ஏறத்தாழ 46,100 கோடி டன். இந்தியா முழுதும் ஆண்டுக்கு 15 கோடி டன் அரிசி விளைவதாகக் கொண்டால், மூவாயிரம் ஆண்டு விளைச்சலை ஒரு மணிகூட உண்ணாமல் சேர்த்தாலும் கடன் தீராது.

1985 இல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திண்டுக்கல்லின் பரப்பு ஏறத்தாழ 6,260 சதுர கிலோமீட்டர். அவ்வளவு இடத்தையும் சமதரையாகக் கருதி இந்த அரிசியைப் பரப்பினால் அது எவ்வளவு உயரம் நிற்கும்? ஒரு கன மீட்டருக்கு 800 கிலோ என்ற கணக்கில் ஏறத்தாழ 300 அடி! நகரின் அடையாளமாய் நிற்கும் மலைக்கோட்டைப் பாறை சமவெளியிலிருந்து 280 அடி அளவே உயர்ந்தது. 1605 இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டை அது. 1755 இல் ஐதர் அலி படைத்தலைவராய் வந்து வலுவூட்டிய கோட்டை. 1792 உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேயர் உடைமையான கோட்டை. எத்தனையோ படையெடுப்புகளுக்கு ஈடுகொடுத்த அந்தக் கற்கோட்டையும், ஒற்றை அரிசியில் தொடங்கிய இந்தக் கணக்கின் அடியில் மூழ்கிப்போகும்!

நெல்லளந்த கையும் இரட்டித்தது

இரட்டித்தலைத் தமிழன் சதுரங்கப் பலகையில்தான் கற்றான் என்று எண்ண வேண்டா. அவன் நாள்தோறும் அளந்த மரக்காலிலேயே அது இருந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. ஆழாக்கில் தொடங்கித் தூணியில் முடித்தால் 256 ஆழாக்கு. இரண்டை எட்டு முறை பெருக்கினால் வரும் எண் அதுவே. சதுரங்கப் பலகையின் ஒன்பதாம் கட்டமும் அதுவே! மேலே இரட்டித்ததுபோலவே கீழே பாதியாக்கினான்: அரை, கால், அரைக்கால், மாகாணி.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்பவற்றைப் பிள்ளைகள் ஒருமித்த குரலில் ஓதி மனத்தில் ஏற்றினர். கணக்கதிகாரம் போன்ற நூல்கள் நிலமளக்கவும் நெல்லளக்கவும் வழிசொல்லின. பெருமைப்படத்தக்க மரபுதான். ஆனால் அந்தத் திண்ணையில் யார் அமர்ந்தார்கள்? பெண்களுக்கும், ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் அங்கே பெரும்பாலும் இடமில்லை. நெல்லை விளைவித்தவன் ஒருவன். நெல்லிலக்கம் கற்றவன் வேறொருவன். களத்து மேட்டில் அளப்பவன் சொன்னதே கணக்கு என்று கைகட்டி நின்றவன், தன் வியர்வைக்கு உரிய மரக்கால் எத்தனை என்று சரிபார்க்க முடியாதவனாய் நின்றான். எண்ணறிவு மறுக்கப்பட்டதால் விளைந்த இழப்பு ஏட்டில் மட்டுமா? அது வயிற்றிலும் விழுந்தது!

எண்ணைப் பிளந்தால்

இனி நம் எண்ணின் உள்ளே நுழைவோம். ஒரு எண்ணின் இயல்பை அறிய வேண்டுமானால், அது எந்தெந்தப் பகா எண்களின் பெருக்கம் என்று காண வேண்டும். தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணே பகா எண்.

இருபது இலக்க எண்ணைப் பிளப்பது எப்படி? பள்ளியில் படித்த ஓர் எளிய வாய்பாடு போதும். ஓர் எண்ணைத் தன்னோடு பெருக்கி ஒன்றைக் கழித்தால், அது அந்த எண்ணைவிட ஒன்று குறைந்ததும் ஒன்று மிகுந்ததும் ஆகிய இரண்டின் பெருக்கமாகும். 16 இருமடியாகி 256. அதில் ஒன்று குறைய 255. அது 15 ஐயும் 17 ஐயும் பெருக்கியது. அந்த 15 தானும் 3 ஐயும் 5 ஐயும் பெருக்கியது. அல்பிரூனியின் ஆறு பெருக்கலையும் இவ்வாறே ஒவ்வொரு படியாய்த் திரும்பி இறங்கினால் நம் பேரெண் ஆறு துண்டுகளாகப் பிளந்து விழுகிறது: 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297.

பலகையோடு பொருத்திப் பாருங்கள். இரண்டு கட்டத்தின் கூட்டு 3. நான்கு கட்டத்துக்கு அதை 5 ஆல் பெருக்குக. எட்டுக்கு 17 ஆல். பதினாறுக்கு 257 ஆல். பாதிப் பலகைக்கு 65,537 ஆல். முழுப் பலகைக்கு, பாதிப் பலகையின் அரிசியை இறுதித் துண்டாகிய 4,29,49,67,297 ஆல் பெருக்க வேண்டும். சில லாரிச் சுமையாய் நின்ற அரிசி மலையாய் எழுந்தது இந்த ஓர் எண்ணால்தான்.

பெரியவர் சொன்னார், பொய்த்தது

இந்த ஆறு எண்களும் ஒரே குடும்பம். இரண்டின் அடுக்குகளுள் 2, 4, 16, 256 என இருமடியாகிச் செல்பவற்றோடு ஒன்றைக் கூட்டி வருபவை. இவற்றுக்குப் பெர்மா எண்கள் என்று பெயர். பியர் த பெர்மா பிரான்சு நாட்டுத் துலூசு நகரில் சட்டத்துறைப் பணியாற்றியவர். ஓய்வு வேளையில் கணிதம் செய்து உலகப் புகழ் பெற்றவர். 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் பகா எண்கள் என்று கண்ட அவர், இவ்வரிசையில் எத்தனை தொலைவு சென்றாலும் எல்லாம் பகா எண்களே என்று 1640 இல் எழுதினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்று சொல்லியே எழுதினார்; ஆயினும் உறுதியாக நம்பினார்.

நம்பியவர் சாதாரண மனிதரா? அந்நூற்றாண்டின் கணித மேதை! ஐந்து எண்கள் அவர் பக்கம் சான்றாய் நின்றன. ஆறாவதைச் சோதிக்க எவரும் முனையவில்லை, அல்லது முனைந்தும் முடியவில்லை. தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன.

1729 டிசம்பரில் கோல்டுபாக் என்னும் அறிஞர், தம்மினும் இளையவரான ஆய்லருக்கு எழுதிய மடலில், பெர்மாவின் கூற்றைக் குறிப்பிட்டு அது உண்மைதானா என்று வினவினார். ஆய்லர், பெரியவர் சொன்னதாயிற்றே என்று பேசாதிருக்கவில்லை, வகுத்துப் பார்த்தார். 1732 இல் உலகுக்கு உரைத்தார்: 4,29,49,67,297 பகா எண் அன்று, 641 அதை மீதியின்றி வகுக்கும், ஈவு 67,00,417!

எந்த எண்ணால் வகுப்பது என்று எப்படித் தேடுவது? 64 இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய எண்களே இதற்குக் காரணியாக முடியும் என்பதைப் பின்னர் ஆய்லரே நிறுவிக் காட்டினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வரிசையாய் வரும். ஐந்தாம் அடியிலேயே பூட்டு திறந்துகொள்கிறது.

நீண்ட வகுத்தல் இல்லாமலும் இதைக் காணலாம். வாசகர் தாமே செய்து பார்க்கலாம். 5 ஐ 128 ஆல் பெருக்கினால் 640. அது 641 க்கு ஒன்று குறைவு. ஒன்று குறைவான அந்த எண்ணை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், அது 641 இன் மடங்குக்கு ஒன்று மிகுதியாகும். ஆக, 625 ஐ இரண்டின் இருபத்தெட்டாம் அடுக்கால் பெருக்கியது, 641 இன் மடங்குக்கு ஒன்று மிகுதி. ஆனால் 625 என்பது 641 க்குப் பதினாறு குறைவு. எனவே 16 ஐ அதே அடுக்கால் பெருக்கியது, அதாவது இரண்டின் முப்பத்திரண்டாம் அடுக்கு, 641 இன் மடங்குக்கு ஒன்று குறைவு. அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். 641 இன் மடங்கு ஆகிவிட்டது! ஒரு மேதையின் நம்பிக்கையை வீழ்த்தப் படை வேண்டியிருக்கவில்லை. பத்து வரிக் கணக்கு போதுமாயிருந்தது.

ஆக நம் பேரெண் ஏழு பகா எண்களின் பெருக்கம்: 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417. ஏழும் வெவ்வேறு, ஒன்றேனும் இருமுறை வரவில்லை. ஆகவே அந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 128. அதுவும் இரண்டின் ஏழாம் அடுக்கு.

பெர்மாவின் நம்பிக்கை பொய்த்தது. ஆனால் அவருடைய எண்கள் பொய்க்கவில்லை. 1796 இல், இருபது வயதும் நிரம்பாத காசு என்னும் செருமானிய இளைஞர், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு பதினேழு பக்க ஒழுங்குப் பல்கோணத்தை வரைய முடியும் என்று காட்டினார். பதினேழு ஒரு பெர்மா எண் என்பதே அதற்குக் காரணம். பாதிப் பலகையின் கூட்டுத்தொகையாகிய 4,29,49,67,295 இன்றளவும் அவ்வாறு வரையத்தக்கதென அறியப்பட்ட ஒற்றைப்படைப் பக்க எண்களுள் மிகப் பெரியது. பலகையின் முழுத் தொகைக்கு இரண்டு மிகுந்தது ஏழாவது பெர்மா எண். அதை 2,74,177 ஆகவும் 6,72,80,42,13,10,721 ஆகவும் பிளந்து காட்டியவர் இலாந்திரி, ஆண்டு 1880, அப்போது அவருக்கு வயது 82! வரிசையில் ஆறாவது முதல் முப்பத்து மூன்றாவது வரை எல்லாமே பகு எண்கள் என்று இன்று தெரிந்துவிட்டது. பெர்மா கண்ட ஐந்துக்கு மேல் ஆறாவதாக ஒரு பகா எண் இவ்வரிசையில் இதுவரை எவருக்கும் அகப்படவில்லை.

திண்டுக்கல் பூட்டும் இருபது இலக்கமும்

பூட்டு என்றால் திண்டுக்கல். திண்டுக்கல் என்றால் பூட்டு. 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது. மாங்காய்ப் பூட்டு முதலாகப் பலவகைப் பூட்டுகளை இவ்வூர்த் தொழிலாளர் கையாலேயே செய்துவந்தனர். லீவர் பூட்டின் உள்ளே தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு தகட்டையும் உரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் தாழ் நகராது.

கணக்கின் எளிமைக்காக ஒவ்வொரு லீவருக்கும் இரண்டே உயரம் என்று கொள்வோம். ஒரு லீவருக்கு இரண்டு சாவி. இரண்டு லீவருக்கு நான்கு. எட்டு லீவருக்கு 256. அறுபத்து நான்கு லீவர் கொண்ட பூட்டைச் செய்தால், ஒன்றுபோல் மற்றொன்று இல்லாமல் வெட்டக்கூடிய சாவிகள் நம் பேரெண்ணைவிட ஒன்று மிகுதி! இன்றைய கணிப்பொறிகளின் உள்ளே இருப்பவை இத்தகைய அறுபத்து நான்கு இருநிலைக் கட்டங்களே. எல்லாக் கட்டமும் நிறைந்து நிற்கையில் அது காட்டும் எண் நாம் தொடக்கத்தில் எழுதிய எண்தான். அரசனின் பலகை இன்று நம் சட்டைப் பையிலுள்ள கைப்பேசியில் இருக்கிறது.

பூட்டும் அதே எண்களால் ஆனது. பெருக்குவது எளிது, பெருக்கியதைப் பிளப்பது அரிது. இலாந்திரி பிளந்த எண்ணைப் பிளக்க, பெர்மாவின் காலத்திலிருந்து 240 ஆண்டுகள் ஆயின. அந்த அருமையையே காவலாக்கி, 1977 இல் ரிவெசுட்டு, சமீர், ஏடல்மன் என்னும் மூவர் ஒரு மறைமொழிப் பூட்டை ஆக்கினர். இரண்டு மிகப் பெரிய பகா எண்களைப் பெருக்கி ஊரறியச் சொல்லலாம். பிளக்கத் தெரியாதவன் திறக்க முடியாது. அப்பூட்டில் மிகப் பரவலாய் வழங்கும் எண் ஒன்று உண்டு: 65,537. பதினாறு முறை இருமடியாக்கி ஒருமுறை பெருக்கினால் அதன் அடுக்கைக் கண்டுவிடலாம் என்பதால் அதைத் தேர்ந்தனர். ஆயிரம் ஆண்டுக்கு முன் அல்பிரூனி பலகையில் செய்த அதே இருமடி வேலை!

இராசி எண்ணும் இரட்டிப்பு வலையும்

இத்தனை இயல்புகளை உடைய எண்ணைப் பார்த்து, "இதன் இராசி என்ன?" என்று கேட்பாரும் நம்மிடையே உண்டு. சொல்லிவிடுவோம். இருபது இலக்கத்தையும் கூட்டினால் 87. எட்டும் ஏழும் 15. ஒன்றும் ஐந்தும் 6. இந்த ஆறு எதைச் சொல்கிறது? எண்ணை ஒன்பதால் வகுத்தால் மீதி ஆறு என்பதைச் சொல்கிறது, அதற்குமேல் ஒன்றுமில்லை. பத்தை ஒன்பதால் வகுக்க மீதி ஒன்று. நூறுக்கும் ஆயிரத்துக்கும் அப்படியே. ஆதலால் இலக்கங்களின் கூட்டு மீதியைக் காட்டுகிறது. இதே எண்ணைக் கணிப்பொறி எழுதும் முறையில் எழுதினால் அறுபத்து நான்கு ஒன்றுகள், கூட்டுத்தொகை 64. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறி இட்டு நம் முன்னோர் எழுதிய பழைய தமிழ் முறையில் கூட்டவே வழியில்லை. எழுதும் முறை மாறினால் இராசி மாறுமானால், அது எண்ணின் இயல்பாகுமா? 641 ஆல் வகுபடும் இயல்போ எந்த முறையில் எழுதினும் மாறாது. மாறாதது அறிவு, எழுத்துக்கு எழுத்து மாறுவதை விதி என்று கூறி, பெயரைத் திருத்தவும் கடையின் பலகையை மாற்றவும் காசு கேட்பது வணிகம்.

இராசி எண்ணால் இழப்பது சிறுதொகை. இரட்டிப்பை அறியாததால் இழப்பது வீடும் நிலமும். "நீ இருவரைச் சேர், அவர் ஆளுக்கு இருவரைச் சேர்ப்பர், உட்கார்ந்த இடத்தில் பணம் கொட்டும்" என்று சங்கிலித் திட்டக்காரன் வருகிறான். ஒருவர், இருவர், நால்வர் என்று தொடங்கும் அந்த வரிசை இருபத்தொன்றாம் படியில் மொத்தம் 20,97,151 பேரை விழுங்கும். 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் மாவட்டத்தின் மக்கள் தொகையே 21,59,775! தொட்டில் குழந்தை முதல் தள்ளாத முதியோர் வரை எல்லாரும் சேர்ந்தாலும் இருபத்திரண்டாம் படிக்கு ஆள் இல்லை. முன்னர் மனத்தில் இருத்தச் சொன்ன உண்மையை இப்போது நினைவு கூருங்கள்: கடைசிப் படியினர், தமக்கு முன்னுள்ள எல்லாரையும்விட ஒருவர் மிகுதி. ஆகவே திட்டம் எந்த நாளில் நின்றாலும், சேர்ந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் தமக்குக் கீழே ஒருவரும் இல்லாமல் நட்டமடைந்தே தீர வேண்டும். நடத்துபவன் நல்லவனா கெட்டவனா என்ற வினாவே எழவில்லை, கணக்கு அப்படி! இத்தகைய பணச் சுழற்சித் திட்டங்களை 1978 ஆம் ஆண்டு மையச் சட்டம் தடைசெய்தது. தடைச் சட்டம் இருந்தும், எண்ணிப் பார்க்காதவனைத் தேடி வலை மீண்டும் மீண்டும் விரிகிறது.

வட்டியும் அப்படியே. நூறுக்கு மாதம் பத்து என்னும் பத்து வட்டியில் ஆயிரம் ரூபாய் வாங்கி, வட்டியும் கட்ட முடியாமல் அதுவும் முதலோடு சேருமானால், எட்டு மாதத்துக்குள் கடன் இரட்டிக்கும். ஐந்தாண்டில் மூன்று இலட்சத்தைத் தாண்டும். சதுரங்கப் பலகையில் அரிசி ஏறியது போலவே ஏழையின் தலையில் கடன் ஏறுகிறது. அளவுகடந்த வட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு 2003 இல் சட்டம் இயற்றியது. சட்டம் வேலியாகலாம், வேலிக்குள் நிற்பவனுக்குக் கண்ணும் வேண்டும். அந்தக் கண்ணே எண்ணறிவு.

நாம் வேண்டுவது

அரசன் ஆணையிட்டும் அந்த எண் ஒன்றுகூடக் குறையவில்லை. பெர்மா போன்ற மேதை நம்பியும் 641 விலகி நிற்கவில்லை. எண்ணிடம் குலம் செல்லாது, கொடை செல்லாது, பட்டம் செல்லாது, பழமை செல்லாது. 82 வயது முதியவருக்கும் பதின்வயது இளைஞருக்கும் அது ஒரே விடையைத்தான் தந்தது. இத்தகைய நடுவுநிலை வேறெந்த மன்றத்தில் கிடைக்கும்?

ஆதலின் நாம் வேண்டுவது பெரிதொன்றும் இல்லை. சமவெளியின் ஒவ்வோர் ஊர்ப் பள்ளியிலும், ஆணும் பெண்ணுமாய் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் ஒருநாள் ஒரு சதுரங்கப் பலகையையும் ஒரு படி அரிசியையும் வைத்துக்கொண்டு இரட்டித்துப் பார்க்கட்டும். எந்தக் கட்டத்தில் அந்தப் படி தீர்கிறது என்று அவர்களே காணட்டும். ஆசிரியர் சொல்வதையும், நாம் இங்கே எழுதியதையும் சேர்த்தே, "இது எப்படி?" என்று அவர்கள் கேட்கட்டும். ஒருகாலத்தில் களத்து மேட்டில் கைகட்டி நின்றவன் வீட்டுப் பிள்ளை, மரக்காலைத் தன் கையில் வாங்கி, அளந்து, கூட்டி, "கணக்கில் பிழை இருக்கிறது, ஐயா!" என்று தலைநிமிர்ந்து சொல்லும் நாளே கல்விக்குத் திருநாள்.